பாயின்ட்டைப் பாரு தொரை

வா தொரை, வா. கோட்டூர்புரம் பாலம் ஏறுறதுக்குள்ள வண்டி மூச்சு வாங்குதாமே. நீயும் டிஸ்ட்ரிபியூட்டரை இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்புன்னு திருப்பிப் பாத்துட்டியாம். உன் வாசல்ல கேட்ட டமால் சத்தத்துக்கு அண்ணா நூலகத்துல படிக்கிற புள்ளைங்க எந்திரிச்சு ஓடலை பாரு, அதுவே பெரிய புண்ணியம்.

உன் ஸ்டாண்டர்டு ஹெரால்டு எனக்கு ஊர்க்கார வண்டி. நான் மாடு மேய்ச்ச வண்டலூர்லதான் அதுவும் பொறந்துச்சு. 1961-ல வெளிய வந்த வண்டி. சீமையில இதே வண்டியைச் செஞ்ச டிரையம்ப்காரன் ரெண்டு கதவோட நிறுத்திக்கிட்டான்; நாலு கதவு போட்டுக் குடும்பத்தையே ஏத்துனது நம்ம ஆளுங்கதான். பாடி ஊர்ல, டிஸ்ட்ரிபியூட்டர் செஞ்ச லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி ஆரம்பிச்சதும் அதே வருஷம். இப்படி நம்ம ஊரு சரக்குக்கு வைத்தியம் பாக்க நீ ஃபோன்ல அமெரிக்காக்காரன் வீடியோ பாக்குற. பாரு, பாரு.

பானெட்டைத் தூக்கு. மூக்கு மொத்தமும் முன்னால சாயும். டயர் மேல குந்திக்கிட்டே வேலை செய்யலாம், இடுப்பு வலிக்காது. இந்த வசதி உன் புதுக் காருல கெடைக்காது.

இப்ப டைமிங் லைட்டைக் கீழ வையி. அவ்வளவு காசு போட்டு வாங்கிட்ட, மனசு கேக்காதுதான். ஆனா மொதல்ல டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி உள்ள பாயின்ட்டைப் பாரு. அதோட குதிகால் கேம்ல தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும். தேயத் தேய இடைவெளி சுருங்கும், பொறி லேட்டா வரும். வண்டி சூடாகும், இழுக்காது. நீ பாயின்ட்டை விட்டுட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புனா, அடுத்த தடவ பாயின்ட் வச்சதும் டைமிங் மறுபடி ஓடிப்போயிடும். குதிகால் கேமோட முனையில நிக்கும்போது 0.015 அங்குலம் இருக்கணும். ஃபீலர் கேஜ் இல்லையா? ஐ.டி. கம்பெனி விசிட்டிங் கார்டு வச்சிருக்கியே, கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான். இத்தனை வருஷத்துல அது உருப்படியா செய்யிற மொத வேலை இதுவாத்தான் இருக்கும். கேம்ல துளி கிரீஸ் தடவு. துளின்னா துளி.

அடுத்து ரோட்டரைக் கையால லேசா முறுக்கி விடு. சுருக்குன்னு பழைய இடத்துக்குத் திரும்பணும். திரும்பலேன்னா அடியில இருக்குற வெயிட்டும் ஸ்பிரிங்கும் துருப்பிடிச்சுக் கெடக்கு. 2015 டிசம்பர்ல அடையாறு இந்தத் தெருவுக்குள்ள வந்தப்போ இந்த வண்டி எங்க நின்னுச்சுன்னு வித்தவனைக் கேட்டியா? பெயின்ட்டு பளபளன்னு இருக்குன்னுதானே வாங்குன. வேக்யூம் பைப்பைக் கழட்டி இளநீர் உறிஞ்சுற மாதிரி ஒரு உறி. உள்ள பிளேட் அசையணும். வெறும் காத்து வந்தா டயாஃபிரம் கிழிஞ்சாச்சு.

இதெல்லாம் சரின்னா டைமிங்குக்கு வா. ஒண்ணாம் நம்பர் பிளக்கைக் கழட்டிட்டு ஓட்டையில கட்டைவிரலை வச்சு இஞ்சினைச் சுத்தச் சொல்லு. காத்து விரலைத் தள்ளுச்சுன்னா அதுதான் கம்பிரஷன். புல்லி குறியை மட்டும் நம்பாத, அது ரெண்டு சுத்துக்கு ரெண்டு தடவ நேரா வரும். தப்பான தடவையில வச்சா, கார்புரேட்டர் வழியா டமால். உன் வாசல்ல கேட்டது அதுதானோ என்னமோ. வயரு வரிசை 1-3-4-2, ரோட்டர் சுத்துறது கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம்.

ஒரு 12 வோல்ட் பல்பு எடு. ஒரு வயரு டிஸ்ட்ரிபியூட்டர் டெர்மினல்ல, இன்னொண்ணு பாடியில. சாவி போட்டு, புல்லியைப் புத்தகம் சொல்ற டிகிரியில நிறுத்திட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பு. பாயின்ட் திறக்குற நொடியில பல்பு எரியும். அங்கயே டைட் வை. பல்பு வெலை என்னன்னு உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லிடாத, டைமிங் லைட் வெலையைக் கேப்பா.

புத்தகம் சொல்ற டிகிரி அந்தக் காலத்து மட்டமான பெட்ரோலுக்குப் போட்ட கணக்கு. இப்ப பங்க்ல விக்கிறது அதைவிட ஒசத்தி, கொஞ்சம் அட்வான்ஸ் தாங்கும். தாங்குதேன்னு ஏத்திக்கிட்டே போகாத. ஹேண்டில் போடும்போது திருப்பி அடிக்கும். கட்டைவிரலை மத்த விரலோட ஒரே பக்கமா வச்சுப் பிடிக்கலேன்னா அடையாறுல எலும்பு டாக்டரைத் தேடணும்.

கடைசிப் பரீட்சை பாலத்துல. டாப் கியர்ல மெதுவா ஏறி ஆக்சிலேட்டரை மிதி. கிணுகிணுன்னு லேசா ஒரு நொடி கேட்டு அடங்குனா சரி. அடங்கலேன்னா ஒரு மயிரளவு ரிடார்ட் பண்ணு. பாட்டைப் போட்டுட்டுக் காது கொடுக்காத.

புதுப்பேட்டை போறப்போ பாயின்ட், கன்டென்சர், ரோட்டர் எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டா வாங்கிக்கோ. ஒரு செட்டு எனக்கு. ஆலோசனைக்கு நான் காசு வாங்குறதில்லை.