கடைசி ஓவரைக் காப்பது எப்படி?

கேள்வி: விடியலில் ரப்பர் பால் வெட்டப் போகும் நாங்கள் இரவு கிரிக்கெட்டைக் கணினியில் பதிவுக்கு வைத்தால், கடைசி ஓவருக்கு முன்பே அது நின்றுவிடுகிறதே, ஐயா?
— ஒரு வாசகர், எட்டியாந்தோட்டை

பதில்: மென்பொருள் நம்புவது முன்கூட்டியே எழுதப்பட்ட நிகழ்ச்சி நிரலை, ஆட்டமோ எந்த நிரலுக்கும் கட்டுப்படாத சுதந்திர ஜீவன். இச்சங்கடத்தை உணர்ந்தே, நிகழ்ச்சி மெய்யாகத் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒளிபரப்போடு சங்கேதம் அனுப்பிப் பதிவுக்கருவியை வழிநடத்தும் வி.பி.எஸ். முறையை ஜெர்மனியர் 1985இல் ஏற்படுத்தினார்கள். இன்றைய டிஜிட்டல் ஒளிபரப்பிலும், ‘இப்போது நடப்பது, அடுத்து வருவது’ என்னும் அட்டவணையில் அத்தகைய நிலைக்குறிப்புக்கு ஸ்தானம் உண்டு. நிலையம் அதைச் சிரத்தையோடு நிரப்பினால்தான் பிரயோஜனம். அதுவரை, பதிவின் முடிவில் ஒரு மணி நேரம் உபரியாகச் சேர்த்துவிடுங்கள். வட்டில் இடம் போனால் அழித்து மீட்கலாம், போன ஓவரை மீட்க முடியாது.