அருட்பா முதல் ‘ஆச கூட’ வரை: ஆண்டின் மொக்கை ஆல்பம் குறித்துக் கடலூர்–சிதம்பரம் தடத்தில் ஓர் ஆய்வு

கார்த்திகை கழிந்து மார்கழி எட்டிப் பார்க்கும்போது கடலூர் மாவட்டத்தில் இரண்டு விவாதங்கள் சூடு பிடிக்கும். வங்கக்கடலில் உருவான காற்றழுத்தம் இங்கே கரையைக் கடக்குமா, ஆந்திரா பக்கம் போய்விடுமா என்பது ஒன்று. இந்த வருஷத்து இண்டி ஆல்பங்களில் எது டாப், எது மொக்கை என்பது மற்றொன்று. முதலாவதற்கு வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போன தானே புயலின் அனுபவம் இருக்கிறது. இரண்டாவதற்கு முறையான ஆய்வு ஒன்றுகூட இல்லை. அந்தப் பெருங்குறையை ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் தீர்த்துவைக்க இக்கட்டுரை முற்படுகிறது.

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுப்பது மரபு. சினிமாவில் வராத பாட்டு இண்டி. இந்த வரையறை சில்வர் பீச் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்னும் வரைதான் தாங்கும். சுண்டல் தீர்ந்ததும் யாராவது ஒருவர் ‘என்ஜாய் எஞ்சாமி’யை இழுப்பார். 2021 மார்ச்சில் வந்த அந்தப் பாட்டைப் பாடியவர்கள் தீயும் அறிவும். தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். வெளியிட்ட மாஜாவுக்குப் பின்னால் ஏ. ஆர். ரகுமான். “எல்லாரும் சினிமாக்காரங்க. அப்புறம் என்னய்யா இண்டி?” என்று ஒருவர் கேட்பார். “ஆல்பம்ங்கற, உள்ள பாத்தா ஒரே பாட்டுதான இருக்கு?” என்று இன்னொருவர் சேர்ந்துகொள்வார். இரண்டும் நியாயமான கேள்விகள். விடை தெரிந்துவிட்டால் விவாதம் முடிந்துவிடுமே என்பதால் யாரும் விடை தேடுவதில்லை.

வாதிகளில் மூத்தவர்கள் ‘வல்லவன்’ மரபினர். மலேசியாவின் யோகி பியும் நட்சத்ராவும் 2006-இல் அந்த ஆல்பத்தை வெளியிட்டபோது இவர்கள் கல்லூரியில் இருந்தார்கள். இப்போது வீட்டுக்கடனில் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு தமிழில் ராப் இல்லை என்பது இவர்கள் சித்தாந்தம். அடுத்த வரிசையில் இருப்பவர்கள் ஹிப்ஹாப் தமிழா ஆதியோடு வளர்ந்தவர்கள். ‘கிளப்புல மப்புல’ பாட்டை ஒரு காலத்தில் ஹாஸ்டல் மாடியில் தொண்டை கிழியப் பாடிய ஒருவர் இன்று பெண் குழந்தைக்குத் தகப்பன். அந்தப் பாட்டு எங்காவது ஒலித்தால் போன் வந்ததுபோல எழுந்து வெளியே போய்விடுகிறார். ரசனை மாற்றம் என்று நூல்கள் சொல்வதை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

அண்ணாமலை நகர் பக்கம் போனால் வேறு கட்சி. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவையும் கபேர் வாசுகியையும் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். பாட்டுக்கு அரசியல் வேண்டும். அரசியல் இல்லையென்றால் குறைந்தபட்சம் சோகமாவது வேண்டும். 2024-இல் சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’வும் ‘ஆச கூட’வும் அடுத்தடுத்து வந்து, ரீல்ஸில் ஊரே ஆடியபோது இவர்கள் ஆடவில்லை. “பீட் மட்டும்தான்டா இருக்கு” என்று தீர்ப்பெழுதி, அந்த ஆண்டின் மொக்கைப் பட்டியலில் முதலிடம் கொடுத்தார்கள். சாய், சினிமாப் பாடகர்களான திப்பு–ஹரிணி தம்பதியின் மகன் என்பதும் குற்றப்பத்திரிகையில் சேர்க்கப்பட்டது.

இந்தச் சண்டையெல்லாம் போன் வந்த பிறகு வந்த வியாதி என்று நினைப்பவர்கள் இவ்வட்டாரத்தின் வரலாறு அறியாதவர்கள். ஒரு பாட்டுத் தொகுப்பைப் பற்றிய பூசலைக் கோர்ட்டு வாசல்வரை கொண்டுபோன பெருமை நமக்கு உண்டு. 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியில், கருங்குழியில் தங்கியிருந்த இராமலிங்க அடிகளின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்று நூலாயின. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கொதித்தெழுந்தார். நாவலர் சாதாரண ஆள் இல்லை. அவருடைய உரைநடைக்கும் பதிப்புக்கும் தமிழ் இன்னும் கடன்பட்டிருக்கிறது. 1864-இலேயே சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். ‘போலியருட்பா மறுப்பு’ வந்தது. பதிலுக்கு ‘குதர்க்காரணிய நாச மகாபரசு’ வந்தது. குதர்க்கக் காட்டை அழிக்கும் பெருங்கோடரி என்று பொருள். இன்று பெருவிரலால் தட்டிவிடும் ஒரு வரித் திட்டுக்கு இந்த உழைப்பு வருமா? சிதம்பரம் கோயிலில் கூட்டம், கூட்டத்தில் சுடுசொல், சுடுசொல்லுக்காக 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கு. வழக்கில் யாருக்கு வெற்றி என்பதை இரு தரப்பும் இரு விதமாகச் சொல்லிவருகின்றன. பட்டியல் சண்டைகளின் இலக்கணமே அதுதான்.

அந்தச் சண்டையின் மையம் பாட்டு இனிக்கிறதா என்பதே இல்லை. தேவாரமும் திருவாசகமும் வீற்றிருக்கும் வரிசையில் நேற்று அச்சான பாடல்களை ‘அருட்பா’, ‘திருமுறை’ என்று பெயர் சூட்டி உட்கார வைக்கலாமா என்பதுதான் கேள்வி. ‘இது இண்டியா, இல்லையா?’ என்று சில்வர் பீச்சில் கேட்கிறார்களே, அதே கேள்வி. 1874-இல் அடிகள் சித்தி வளாகத்தில் மறைந்தார். 1879-இல் நாவலர் காலமானார். சண்டை மட்டும் சாகவில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும், அருட்பாவுக்காகக் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் மறுபக்கமும் நின்று மோதினார்கள். அத்தனை கண்டன நூல்களையும் படித்துக் கட்சி மாறியவர் என்று ஒருவரைக்கூட இந்த ஆய்வாளரால் பிடிக்க முடியவில்லை. தைப்பூசத்தன்று வடலூரில் சோதி பார்க்க நிற்பவர்களைக் கேளுங்கள். எந்தக் கண்டனத்தையும் படித்துவிட்டு அவர்கள் வரவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் பாட்டி முணுமுணுத்தது காதில் விழுந்தது, வந்தார்கள்.

இதிலிருந்து இவ்வாய்வின் கருதுகோள் பிறக்கிறது: வாதம் செய்து யார் ரசனையும் மாறாது, கேட்க வேண்டும் என்று நினைக்காதபோது காதில் விழும் பாட்டுதான் மாற்றும்.

கருதுகோளுக்கு வலுவான சான்று சிதம்பர யாத்திரை பற்றிய ஓர் ஆல்பத்திலேயே கிடைக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை எழுதி முடித்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப் பாயிரம் கேட்டு நடையாய் நடந்தார். பிள்ளைக்கு மனம் வரவில்லை. இலக்கணப் பிழை இருக்கிறது. பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் வந்து கதையில் புகுந்திருக்கிறார். அந்தக் காலத்து ‘லிரிக்ஸ் வீக்’. ஒருநாள் மதியம் பிள்ளை உள்ளே படுத்திருக்க, காத்திருந்த பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து தமக்குத்தாமே பாடத் தொடங்கினார். உள்ளே படுத்திருந்தவர் உருகிப்போனார். பாயிரம் எழுதப்பட்டது. இந்தச் செய்தியை நமக்குச் சொல்லிவைத்தவர் பிள்ளையின் மாணவர் உ. வே. சாமிநாதையர். கவனியுங்கள்: பிழைகள் எதுவும் திருத்தப்படவில்லை. தாளில் படித்தபோது மொக்கையாக இருந்தது, திண்ணையிலிருந்து கேட்டபோது டாப் ஆயிற்று. பிற்பாடு 1942-இல் சினிமாவில் நந்தனாராக நடித்துப் பாடிய எம். எம். தண்டபாணி தேசிகரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு இசைப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். மொக்கைப் பட்டியலில் கிடந்த ஆல்பம் இதற்கு மேல் எவ்வளவு தூரம் போக முடியும்?

1941-இல் அதே அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியதையும், கச்சேரிக் கடைசியில் துக்கடாவாக மட்டும் தமிழைச் சேர்த்துக்கொண்டவர்கள் அதற்கு முகம் சுளித்ததையும் இங்கே சொல்லிவிட்டு நகர்கிறேன். தில்லைக் கோயில் அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை இராசராசன் திறந்தபோது செல்லரித்தது போக மிச்சமே கிடைத்தது என்கிறது திருமுறை கண்ட புராணம். தமிழின் முதல் தேர்வுக்குழு கறையான்கள் என்பதும், அவை எந்தப் பக்கமும் சாயவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கன. அப்பர் சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறியபோது கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், அவர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்பார்கள். கட்சி மாறுகிறவர்களை இப்போது வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குவதோடு விட்டுவிடுகிறார்கள்.

கள ஆய்வு கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ்ஸில் நிகழ்ந்தது. ஜன்னலோரத்தில் மேற்படி அண்ணாமலை நகர்க் கட்சித் தம்பி ஒருவர், காதில் இயர்பட்ஸ். சிப்காட் தாண்டும்போது சார்ஜ் தீர்ந்தது. ஜன்னலைத் திறந்தால் கெமிக்கல் வாடை, மூடினால் வியர்வை. காதை மூட வழியே இல்லை. டிரைவர் தலைக்கு மேல் ஸ்பீக்கர், பென் டிரைவில் தேவா பாட்டுகளுக்கு நடுவே ‘ஆச கூட’. ஆலப்பாக்கத்தில் தம்பி முகம் கடுகடுத்தது. புதுச்சத்திரம் வருவதற்குள் செருப்புக்குள் கட்டைவிரல் ஆடியது. பாட்டு முடிந்து மறுபடி தேவா தொடங்கியதும், தம்பி எழுந்து முன்னால் போனார்.

“அண்ணே, அந்தப் பாட்ட இன்னொரு தடவ போடுங்கண்ணே.”

“கேக்குறப்பல்லாம் போட இது என்ன ரேடியோவாப்பா? பென் டிரைவ்ல வர்றப்ப வரும். படியில நிக்காத, உள்ள போ.”

சிதம்பரத்தில் இறங்கி, கீழவீதியில் இட்லியைக் கொத்சுவில் முக்கும்போது, “இருந்தாலும் லிரிக்ஸ் வீக்குதான்” என்றார். மகாவித்துவான் அளவுக்குப் பெருந்தன்மை எல்லாருக்கும் வாய்க்காது.

எதிர்வாதமும் உண்டு. திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால் எதுவும் பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968-இலேயே எழுதிவிட்டார். அர்த்தமில்லாத சொற்களையும் முன்பின் அறியாத முகங்களையும் காட்டிப் பார்த்தார். அதிகம் பார்த்ததையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். அப்படியானால் தம்பிக்குப் பிடித்தது பாட்டா, பழக்கமா? ஸயான்ஸ் சிதம்பரம் பஸ்ஸில் ஏறியதில்லை. பழக்கம் மட்டுமே போதுமென்றால் அந்த ஸ்பீக்கரில் வரும் ஜவுளிக்கடை விளம்பரமும் இந்நேரம் எல்லாருக்கும் பிடித்திருக்க வேண்டும். அது யாருக்கும் பிடிக்கவில்லை.

ஆகவே இவ்வாய்வின் பரிந்துரை. ஆண்டின் டாப் பட்டியலை யார் வேண்டுமானாலும் எழுதட்டும். அதை எவரும் படிக்கப் போவதில்லை. மொக்கைப் பட்டியல் எழுத விரும்புகிறவர்கள் கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறிச் சிதம்பரம்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதவும். இயர்பட்ஸ் அனுமதி இல்லை, டிக்கெட் அவரவர் செலவு, பென் டிரைவ் டிரைவருடையது.