பூட்டனாரின் நிறம் என்ன?

பெறுநர்:
போர்க்காலக் கைதிகளின் கோப்புகளைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கும் உயரதிகாரி அவர்கள், புதுதில்லி.

அனுப்புநர்:
நரிக்குடிவாசி ஒருவன், திருச்சுழி வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பொருள்: எங்கள் பூட்டனாரின் நிறத்தைத் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து நான் போட்ட மனுவுக்குத் தங்கள் பதில் வந்து சேர்ந்தது. 'மேற்படி நபர் சிறையில் இருந்ததற்கான ஆதாரத்தை மனுதாரர் இணைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆதாரம் என்னிடம் இருந்தால் உங்களுக்கு எதற்கு ஐயா பத்து ரூபாய்?

எங்களுடையது வானம் பார்த்த பூமி. வானம் கைவிட்டால் பட்டாளம். அப்படிப் போனவர்தான் பூட்டனார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை உட்காரவைத்து, சந்தையில் ஆட்டுக்கிடையைக் கைமாற்றுவதுபோல் ஜப்பான்காரனிடம் ஒப்படைத்தான் வெள்ளைக்காரன். பூட்டனார் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். 1945 மே மாதம் மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் ரங்கூனில் காவல் நின்றவர்களோடு மறுபடி பிடிபட்டார். ஒரே யுத்தத்தில் இரண்டு கொட்டடி. ஊர் திரும்பியவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "கல்கத்தாப் பக்கம் வச்சிருந்தான்" என்று அப்பத்தாவிடம் ஒருமுறை சொன்னதோடு சரி.

கல்கத்தாப் பக்கம் என்றால் நீல்கஞ்சாக இருக்கலாம், ஜிகர்காச்சாவாக இருக்கலாம். ஜிகர்காச்சா இப்போது வங்கதேசம். ரங்கூன் இன்னொரு நாடு. இன்னொரு முகாம் இருந்த முல்தான் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. பூட்டனார் பிறந்த ராமநாதபுரம் ஜில்லாவும் சும்மா இருக்கவில்லை. 1985-ல் பிரிந்ததில் நரிக்குடி விருதுநகர் பக்கம் வந்துவிட்டது. உங்கள் படிவத்திலோ 'மாவட்டம்' என்று ஒரே ஒரு கட்டம்.

அந்த முகாம்களில் விசாரித்த பிரிட்டிஷ் உளவுக்காரன் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு நிறம் கொடுத்தான். ராஜ விசுவாசம் குறையாதவன் வெள்ளை. பேச்சைக் கேட்டு மயங்கியவன் சாம்பல். மனப்பூர்வமாகச் சுபாஷ் சந்திர போஸ் பின்னால் போனவன் கறுப்பு. பெண் பார்க்கப் போனால் நிறம் கேட்கிற குடும்பம்தான் எங்களுடையதும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கறுப்பாக இருக்கவேண்டுமே என்று குலசாமிக்கு நேர்ந்திருக்கிறோம். சாம்பல் என்றாலும் சமாளித்துக்கொள்வோம். வெள்ளை என்று வந்தால்தான் பெரியப்பா திண்ணைப் பேச்சை நிறுத்தவேண்டியிருக்கும்.

1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ், சேகல், தில்லான் மூவர்மீதும் நடந்த விசாரணை சொல்லுக்குச் சொல் பதிவாகியிருக்கிறது. அவர்கள் அதே ராணுவத்தின் அதிகாரிகள், நேருவே வக்கீல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஆளுக்கு ஒரு வரி இருந்தால் போதும்.

சிறைப் பதிவேடு கிடைக்காவிட்டால் சக கைதியிடம் சான்று வாங்கி வரலாம் என்று தியாகி ஓய்வூதிய விதி இரக்கம் காட்டுகிறது. அன்று இருபது வயதுப் பையனாக இருந்தவருக்கு இன்று நூறு வயதைத் தாண்டியிருக்கும். சுடுகாட்டு வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்க்கிறேன். யாரும் கையெழுத்துப் போட வருவதாகத் தெரியவில்லை. ஓய்வூதியம் கேட்டு நான் வரவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ரகசியம் என்பீர்கள். இருபது ஆண்டு கடந்த சங்கதியைச் சில விலக்குகள் தவிர மறைக்கக்கூடாது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் 8(3) சொல்கிறது. ஆனால் இந்திய தேசிய ராணுவத்தின் வரலாற்றைப் பிரதுல் சந்திர குப்தா என்ற பேராசிரியரைக் கொண்டு அரசே எழுதவைத்து, பல பத்தாண்டுகள் அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருந்ததும் இதே தில்லிதான். பேராசிரியருக்கே அந்தக் கதி என்றால் சிப்பாய் எம்மாத்திரம்!

எனவே பெயர், முகாம், தேதி எதுவும் வேண்டாம். நிறத்தை மட்டும் ஒரு தபால் அட்டையில் எழுதினால் போதும். சுயவிலாசமிட்ட அட்டை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கறுப்பரின் பேரன்மகன் (உறுதி செய்யப்படவில்லை)

நகல்: தேசிய ஆவணக் காப்பகம், கியூ, லண்டன் – பிடித்தவர்களிடம் கணக்கு இருக்கும் என்ற நம்பிக்கையில்.