ஒப்பேற்றுவதா, ஒழித்துக்கட்டுவதா?

போலீசுக்கும் தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் வயர்லெஸ் வாங்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? வாழ்த்துகள். நம்மூர்க் காவலர்கள் ‘மைக்’ என்று சொல்லும் அந்தச் சாமானைப் பழுதுபார்த்து ஓட்டுவதா, தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்று இனி நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். கவலை வேண்டாம். பெரிய நாடுகள் வழி போட்டு வைத்திருக்கின்றன, பின்னாலேயே போனால் போதும்.

எடுத்த எடுப்பில் நாள் குறித்துவிடுங்கள். பெண் பார்ப்பதற்கு முன்பே மண்டபம் பிடிப்பது தைரியசாலிகளின் வழக்கம். பிரிட்டன் அப்படித்தான் செய்தது. அங்கே காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று நூற்றுக்கும் மேற்பட்ட படைகள் ‘ஏர்வேவ்’ என்ற டெட்ரா வகை வயர்லெஸ் வலையமைப்பில் பேசுகின்றன. அது முக்கியமாகப் பேச்சுக்காகக் கட்டியது. படமும் வீடியோவும் அனுப்ப லாயக்கில்லை, செலவும் அதிகம் என்பதால், எல்லாரும் 4ஜி செல்போன் கோபுரங்கள் வழியாகவே பேசட்டும் என்று 2015 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். பழையதற்கு 2019 கடைசியில் மூடுவிழா. அந்த நாள் பிறகு 2022 ஆனது, அப்புறம் 2026, அப்புறம் 2029. மணப்பெண் இன்னும் வந்தபாடில்லை, மண்டபத்துக்கு வாடகை ஏறுகிறது. புதியதற்கு மட்டும் சுமார் 200 கோடி பவுண்டு போயிற்று என்று நாடாளுமன்றக் கணக்குக் குழு 2023-இல் சொன்னது.

அடுத்தது, பழைய வண்டிக்கு வாடகை வாங்குகிறவரிடமே புது வண்டி செய்யும் வேலையையும் கொடுங்கள். புதியதன் முக்கியப் பகுதியைச் செய்ய மோட்டரோலா நிறுவனத்தைப் பிடித்தார்கள். அதே மோட்டரோலா 2016 பிப்ரவரியில் ஏர்வேவையும் விலைக்கு வாங்கியது. புதியது தாமதமானால் பழையதில் வருமானம் தொடரும். இது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. அரசுக்குத் தெரிந்துதான் நடந்தது. 2022 டிசம்பரில் புதிய வேலைக்கான ஒப்பந்தம் பாதியில் முடிந்தது, பழையது மட்டும் மோட்டரோலா கையில் தங்கியது. போட்டி இருந்தால் வரக்கூடிய விலையைவிட மோட்டரோலாவால் அதிகம் வாங்க முடிகிறது என்று போட்டி ஆணையம் கண்டு, 2023-இல் கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டது. மோட்டரோலா வழக்குக்குப் போய்த் தோற்றது. ஆணையம் உச்சவரம்பு போட ஏழு வருஷம் ஆனதே என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, அது கிடக்கட்டும்.

பயன்படுத்துகிற ஆளை மட்டும் தப்பித்தவறியும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அவர் தொழில்நுட்பம் பேசமாட்டார், கையுறையைப் பற்றிப் பேசுவார். புகைக்குள் தவழ்ந்து போகிற தீயணைப்பு வீரருக்குக் கண் தெரியாது. விரல் தடிமனுக்கு இன்னொரு விரல் அளவு கையுறை. செட்டின் பக்கவாட்டில் இருக்கும் பெரிய பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்துவார். மேலே இருக்கும் திருகை ‘டக், டக்’ என்று இரண்டு முறை திருப்பினால் எந்த சேனல் என்பது விரலுக்குத் தெரியும். நீங்கள் வாங்கப்போகும் பளபளக்கும் கண்ணாடித் திரையை ஈரக் கையுறையால் தேய்த்துப் பார்க்கச் சொன்னால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். கூடவே இன்னொன்றும் கேட்பார்: “கோபுரம் விழுந்துட்டா பக்கத்துல இருக்கிற ஆளோடயாவது பேச முடியுமா சார்?” டெட்ராவில் முடியும், செட்டுக்குச் செட்டு நேராகப் பேசும். செல்போன் வகையில் அதே தூரத்துக்குக் கொண்டுவருவதற்குள் பொறியாளர்களுக்கு மூச்சு முட்டுகிறது. இதையெல்லாம் கேட்டால் டெண்டர் நகருமா?

பழைய செட்டைச் சோதிப்பதும் ஆபத்து. கரகரப்புக்குக் காரணம் செத்த பேட்டரியோ, உடைந்த ஆன்டெனாவோ, மாடியில் சிக்னலை வாங்கி வலுவாக்கித் தரும் ரிப்பீட்டரின் பழுதோ என்று தெரிந்துவிட்டால் புதிது வாங்கக் காரணமே இல்லாமல் போய்விடும்.

மேம்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், நிதானம் முக்கியம். லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் 1987-இல் தீப்பிடித்து 31 பேர் செத்தார்கள். தரைக்கடியில் வயர்லெஸ் வேலை செய்ய வேண்டும் என்று 1988-இல் விசாரணை அறிக்கை சொன்னது. 2005 ஜூலை 7 அன்று சுரங்க ரயில்களில் குண்டு வெடித்தபோது, உதவிக்குப் போனவர்களில் பெரும்பாலோரின் செட் தரைக்கடியில் ஊமையாக இருந்தது. செய்தி சொல்ல ஆட்கள் படியேறி ஓடினார்கள்.

புதிது வந்துவிட்டதா? பயிற்சி எதற்கு, பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுங்கள். நியூயார்க் தீயணைப்புத் துறை 2001 தொடக்கத்தில் டிஜிட்டல் செட்டுகளை அப்படித்தான் இறக்கியது. ஒரு வீட்டுத் தீயில் வீரர் ஒருவர் கொடுத்த அபாயக் குரல் வெளியே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. மார்ச்சில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பழைய அனலாக் செட்டே மறுபடி கைக்கு வந்தது. செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்துக்குள் அதோடுதான் ஏறினார்கள்.

அந்த வளாகத்தில் ஒரு ரிப்பீட்டர் இருந்தது, 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு வைத்தது. வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தள மேசையில் அதற்கு இரண்டு பொத்தான்கள். காலை 8:54-க்கு யாரோ ஒன்றை அழுத்தினார்கள். மேசையில் இருந்த ரிசீவரிலிருந்து பேச இரண்டாவதையும் அழுத்தியிருக்க வேண்டும். 9:05-க்கு அதிகாரிகள் சோதித்தார்கள். குரல் போகவில்லை, வரவும் இல்லை. ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி விட்டுவிட்டார்கள். உண்மையில் அது ஓரளவாவது வேலை செய்துகொண்டிருந்தது. தெற்குக் கோபுரத்தில் பயன்படுத்தவும் செய்தார்கள். அன்று தீயணைப்புத் துறையினர் 343 பேர் மாண்டார்கள். அத்தனைக்கும் ஒரு பொத்தான்தான் காரணம் என்று சொல்ல முடியாது, விசாரணை ஆணையமும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது பொத்தான் அன்று காலை அழுத்தப்படவே இல்லை என்று அது எழுதி வைத்திருக்கிறது.

டெண்டர் கோப்பில் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள், ஐயா. கையுறையை மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, உங்கள் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் பழைய செட்டையும் புதிய செட்டையும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். இரண்டிலும் ஒருமுறை பேசிவிட்டு, மேலேயிருந்து பதில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.