சுற்றறிக்கையிலே சாய்தளம்

நமது அரசாங்கம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை மறந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருஷத்தில் ஒருநாள், டிசம்பர் 3ஆம் திகதி, தவறாமல் ஞாபகம் வரும். அன்றைக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எங்கும் மேடை போடப்படும். பிரதம விருந்தினருக்கு மாலை விழும். மாரி மழைக்குள் காத்திருந்த பிள்ளைக்குத் தொப்பியும் பிஸ்கட் பைக்கற்றும் கிடைக்கும். சக்கர நாற்காலி நன்றாகத் தெரியும்படி படம் எடுப்பார்கள். 4ஆம் திகதி விடிந்தால் அந்தப் பிள்ளை மறுபடியும் தாயின் இடுப்புக்குப் பாரம்.

சட்டத்துக்கா பஞ்சம்? இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுக்கக்கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். பொதுக் கட்டடங்களுக்குள் எல்லாரும் போய்வர வழி செய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐ.நா. சமவாயத்தையும் 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியாயிற்று. அநீதி நடந்தால் மேல் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாமாம். துணுக்காயில் கூலிக்குக் கச்சான் பிடுங்கும் தாய் சட்டத்தரணி பிடித்து, தவணைக்கு அலைந்து, தீர்ப்பு வாங்கி வருவதற்குள் பிள்ளைக்குத் தாடி முளைத்துவிடும்.

வன்னிப் பள்ளிக்கூடமொன்றில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். பிடித்து ஏறக் கம்பி, மஞ்சள் பூச்சு, கொடையாளர் பெயர் பொறித்த கல் எல்லாம் உண்டு. மேலே ஏறினால் விசேட கல்வி அலகின் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. மலசலகூடத்துக்கோ மணலைக் கடந்து போகவேண்டும், சில்லு புதையும். அதனால் அங்கே படிக்கும் சிறுமி காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. பள்ளி விடும்வரை அடக்கிக்கொண்டு இருக்கிறாள். பக்கத்துப் பையனின் செவிப்புலன் கருவிக்கு பற்றரி தீர்ந்துவிட்டது. வர்ண மட்டையும் களிமண்ணும் ரீச்சரின் சம்பளத்தில் வருகின்றன. ரீச்சருக்கு இடமாற்றம் வந்தால் அலகுக்குப் பூட்டு வரும். திறப்புவிழாக் கல்லுக்கு மட்டும் ஒரு குறையுமில்லை.

ஏன் இப்படி? பாடசாலைக்கு வரும் தர உள்ளீட்டுக் காசு மாணவர் தொகையைப் பார்த்துப் பிரிபடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு வரமுடியாமல் வீட்டில் கிடக்கும் பிள்ளை இடாப்பில் இல்லை. இடாப்பில் இல்லாத பிள்ளைக்குக் காசு இல்லை. காசு இல்லாததால் வாகனமில்லை, உதவியாளரில்லை. ஆகவே பிள்ளை வருவதுமில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி, நாட்டில் 5 முதல் 14 வயதுவரையான இயலாமையுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வெளியே. கணக்காளருக்கு இதைவிடச் சிக்கனமான மாணவர் எங்கே கிடைப்பார்?

கொழும்பைக் கேட்டால், அது மாகாண விடயம். மாகாணத்தைக் கேட்டால், நிதி கொழும்பில். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, தேர்தல்தான் நடக்கவில்லை. இரண்டு பக்கமும் கைவிரித்த பிறகு, “கைதடி நவீல்ட் பாடசாலைக்கு அனுப்புங்கோவன் அம்மா” என்று ஆலோசனை மட்டும் இலவசமாகக் கிடைக்கும். ஏழு வயதுப் பிள்ளை ஆனையிறவு தாண்டி அந்தப் பாடசாலை விடுதிக்குப் போகலாம். காசு மட்டும் ஆனையிறவு தாண்டி இந்தப் பக்கம் வராது.

2009 போரில் கைக்குழந்தையாகச் செல் பட்ட பிள்ளை இன்றைக்குக் கட்டாயக் கல்வி வயதான 16ஐக் கடந்துவிட்டது. அந்தத் தலைமுறையின் கோப்பு ஒருவரும் ஒன்றும் செய்யாமலே மூடப்பட்டது. அரசுக்கு எவ்வளவு மிச்சம்!

அரசிடம் காசு இல்லையென்று அபாண்டம் சொல்லவேண்டாம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன் ரூபா, கல்வி அமைச்சுக்கு 271 பில்லியன். மாகாண ஆசிரியர் சம்பளம் வேறு பெட்டியில் என்று அதிகாரி திருத்துவார். நல்லது, வேறு பெட்டியையும் பார்ப்போம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளிகள் நடத்தியதே. அங்கே ஆசிரியைகளுக்கு மாகாணம் கொடுத்த படியைவிடப் பல மடங்கு சம்பளம் எந்த வானத்திலிருந்து விழுந்தது? பாலர் வகுப்பு பாதுகாப்புக் கணக்கில் ஏறினால் காசு ஓடி வருகிறது. ஆகையால் ஒரு பணிவான யோசனை: சக்கர நாற்காலியைக் கவச வாகனம் என்று பதிந்துவிடுங்கள். செவிப்புலன் கருவியைத் தொலைத்தொடர்புச் சாதனம் என்று எழுதுங்கள். அடுத்த கிழமையே லொறியில் வந்து இறங்கும்.

யோசனை பிடிக்கவில்லையென்றால் நேர்வழியும் இருக்கிறது. தலையை எண்ணாமல் தேவையை எண்ணிக் காசு ஒதுக்குங்கள். கிராம அலுவலரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் வைத்து, வீட்டிலிருக்கும் பிள்ளைகளையும் வலயத்தின் கணக்கில் சேருங்கள். ஒவ்வொரு அலகுக்கும் தனி ஒதுக்கீடு, பயிற்றப்பட்ட நிரந்தர ஆசிரியர், ஓர் உதவியாளர், போக்குவரத்துச் செலவு, சில்லு போகக்கூடிய மலசலகூடம். செலவழித்த கணக்குப் பெற்றோர் வாசிக்கும்படி பாடசாலைச் சுவரில்.

அதுவரைக்கும் பெற்றோரே, டிசம்பர் 3 மேடைக்குப் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். படம் வேண்டுமென்றால், வந்து அந்த வாசற்படியைப் படம் எடுக்கட்டும்.