பேரன் பெயரில் பங்கு வாங்குகிறவர்

ஒரு மனிதருடைய யோக்கியதாம்சத்தை மதிப்பிட ஓமலூர் வட்டாரத்தில் நெடுங்காலமாக நிலமே போதுமானதாக இருந்து வந்தது. ஆற்றோரம் எத்தனை ஏக்கர், கிணற்றில் எத்தனை அடித் தண்ணீர், தென்னை எத்தனை, மரவள்ளி போட்டால் சேகோ ஆலைக்காரர் என்ன விலைக்கு எடுக்கிறார் என்று விசாரித்துவிட்டால், பெண் கொடுக்கலாமா கூடாதா என்பது வரை தீர்மானமாகிவிடும். இந்தப் புராதன ஏற்பாட்டுக்குள் யாரும் அழைக்காமலே வந்து புகுந்திருக்கிறார் ஒரு நூதனப் பிரஜை. நிலத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார். டைட்டனைப் பற்றிக் கேட்டால் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுப்பார். பேரன் பெயரில் பங்கு வாங்குகிற தாத்தாவாகிய இவர் இப்போது தெருவுக்கு ஒருவராவது தேறுவார்.

இரும்பாலையிலோ மின்வாரியத்திலோ கூட்டுறவு வங்கியிலோ உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராகவே பெரும்பாலும் அவர் இருப்பார். தமக்கென்று ஒரு பங்குகூட வாங்கமாட்டார். அது சூதாட்டம் என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். அதே பங்கை, அதே விலைக்கு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரனை உத்தேசித்து வாங்கும்போது அந்தச் சூதாட்டம் எந்தக் கணத்தில் தருமமாக மாறுகிறது என்பது சாஸ்திரம் படித்தவர்களும் விடுவிக்க முடியாத சூட்சுமம். “பையனுக்கு லாங் டேர்முங்க” என்பார். அதற்குமேல் கேள்வி கிடையாது. இரும்பாலையில் இருந்தவரானால், அதை நடத்துகிற செயில் நிறுவனத்தின் பங்கு மட்டும் அவர் பட்டியலில் இராது. “அங்க நான் வேல பார்த்த லட்சணம் எனக்கே தெரியுமுங்களே” என்று காரணம் சொல்வார். நிபுணர்கள் எவரும் எழுதியிராத இந்த ஒரு விதியில் மட்டும் எனக்கு அவரிடம் பரிபூரண நம்பிக்கை உண்டு.

பங்கைத் தேர்ந்தெடுக்கும் முறையோ அப்பட்டமாக வரன் பார்க்கும் முறைதான். ஆண்டறிக்கையின் பின்பக்கத்து அட்டவணைகளில் அவருக்கு நாட்டமில்லை. முதலில் குலம் விசாரிப்பார், யார் ஆரம்பித்தது, எந்த ஊர்க்காரர்கள், அண்ணன் தம்பிகள் ஒற்றுமையாக இருக்கிறார்களா, பாகப்பிரிவினை கோர்ட்டுக்குப் போயிருக்கிறதா என்றெல்லாம். அப்புறம் கடன் உண்டா என்பார். கடைசியில், வருஷா வருஷம் டிவிடெண்டு கொடுக்கிற கைதானா என்று கேட்டுத் தீர்த்துக்கொள்வார். டைட்டன் இந்தப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறிய மாப்பிள்ளை: 1984இல் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கியது, ஆலையோ ஓசூரில், தருமபுரி தாண்டிப் போனால் பார்த்துவிட்டே வந்துவிடலாம். ஒருவர் உண்மையிலேயே பஸ் ஏறிப் போய், மதில் சுவரையும் காவற்காரரையும் பார்த்துத் திருப்தியடைந்து திரும்பினார். அதே பங்கை நல்ல விலை வரும்வரை பொத்திப் பொத்தி வைத்திருந்த இன்னொருவர், பேத்தி கல்யாணத்துக்காக விற்று, வந்த பணத்தை அப்படியே கொண்டுபோய்த் தனிஷ்க் கடையில் நகையாக்கினார்; அந்தக் கடை எந்தக் கம்பெனியுடையது என்று நான் சொன்னதற்காக வெகுநாள் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.

குலம் சரியாக இருந்தாலும் நேரில் பார்க்காமல் கை நனைக்கமாட்டார். காலை ஏழு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடைப் பெஞ்சில், டைரியும் கையுமாக, தொப்பூர்க் கணவாய் இறங்கிச் சேலத்தை நோக்கி வருகிற லாரிகளில் லேலண்டு எத்தனை, டாட்டா எத்தனை என்று கோடு கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் போக்குவரத்து இலாகாக்காரர் அல்லர், நம்மவர்தான். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்த லேலண்டுக்கு அன்றைக்கு ஐந்து கோடு அதிகம் விழுந்தால், அந்த வாரத்துக்குள் பேரனுக்குப் பத்துப் பங்கு. நின்றிருந்த லாரி ஒன்றின் டயரைக் குனிந்து பார்த்து எம்.ஆர்.எஃப். என்று எழுத்துக் கூட்டிப் படித்தவர், அந்தப் பங்கு 2023 ஜூன் 13ஆம் தேதி ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டது, இந்தியாவில் அந்த விலையைத் தொட்ட முதல் பங்கு அதுதான் என்று கேட்டதும் வெடுக்கென்று நிமிர்ந்துவிட்டார். “ஒத்த ஷேருக்கு ரெண்டு கறவ மாடு வருமுங்க. மாடு கன்னாச்சும் போடும்.”

சேதாரமும் உண்டு. கரூரில் 1926இல் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கியின் பங்கை, பெயரிலேயே லட்சுமி இருக்கிறாள் என்ற ஒரே முகாந்திரத்தால் பேத்திக்கு என்று வாங்கிவைத்தவர் ஒருவரை அறிவேன். 2020 நவம்பரில் அந்த வங்கி சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைக்கப்பட்டபோது, டெபாசிட் போட்டவர்களுடைய பணம் பத்திரமாக மறுகரை சேர்ந்தது. பங்கு மூலதனமோ முழுவதும் பூஜ்யம் என்று எழுதித் தள்ளப்பட்டது. மனிதர் அன்றிரவு சாப்பிடவில்லை. அதே கரூரில் பத்து வருஷம் முந்திப் பிறந்த வைசியா வங்கி நன்றாகத்தானே இருக்கிறது என்று யாரோ ஆறுதல் சொல்லப்போக, மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், பேத்தி காதுக்கு இந்த விஷயம் எட்டக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டார். பேத்திக்கு அப்போது வயது நாலு.

வாங்கினதை விற்கலாகாது என்பதைக் குழந்தைகள் மனத்தில் ஆழப் பதிக்க அவரிடம் ஓர் உபகதை இருக்கிறது. அமெரிக்காவின் வாரன் பஃபெட் 1942இல், பதினொரு வயதில், ஒன்று 38 டாலர் வீதம் மூன்று பங்கு வாங்கினார். அது 27க்கு இறங்கிற்று. திரும்ப 40 ஆனதும் அவசரப்பட்டு விற்றார். அப்புறம் அது 200ஐத் தொட்டது. இதை ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் கேட்டுவந்த பேரன், ஒரு நாள் வெகு சிரத்தையாகத் தன் சந்தேகத்தைக் கேட்டான்: “தாத்தா, அந்த ஆறு டாலர்ல அவரு என்ன வாங்குனாரு?”

இவ்வளவு பிரயாசையும் பேரன்மேல் உள்ள பாசத்தால் என்று ஊர் நினைக்கிறது. ஓரளவு வாஸ்தவம். ஆனால் இது அடிப்படையில் மகன்மேல் கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானம். பெருந்துறைப் பக்கத்து ஈமுக் கோழித் திட்டங்கள் 2012இல் கவிழ்ந்தபோது, தகப்பனாரின் சேமிப்பையும் அதில் கட்டியிருந்து, கோழியும் இல்லாமல் பணமும் இல்லாமல் திரும்பியவன் அந்த மகன். இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே கைபேசியில் ஆப்ஷன் ஆடுகிறான். இந்த ஊகபேரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர், 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று செபி வெளியிட்ட கணக்கைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து, ஒரு வார்த்தையும் பேசாமல், மகன் பொங்கலுக்கு வந்தபோது அவன் இலை ஓரத்தில் வைத்தார். ஆகவே சொத்து ஒரு தலைமுறையைத் தாண்டிப் போகவேண்டும் என்பது அவர் சங்கற்பம்.

சட்டம் குறுக்கே வந்தது. மைனர் பெயரில் டீமேட் கணக்குத் திறக்கலாம். ஆனால் காப்பாளராகக் கையெழுத்திட வேண்டியவர் தகப்பனார், அவர் இல்லையேல் தாயார், அதுவும் இல்லையேல் நீதிமன்றம் நியமிக்கிறவர். தாத்தாவுக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. “பணம் என்னுது, பேரன் என்னவன், கையெழுத்து மட்டும் அவனுதுங்களா?” என்று சேலத்துத் தரகர் அலுவலகத்தில் அவர் கேட்டதற்கு, அங்கிருந்த பெண் மிகுந்த மரியாதையோடு, “பையனோட அப்பா போன் நம்பரச் சொல்லுங்கய்யா, ஓ.டி.பி. அதுக்குத்தான் போகும்” என்றாள். மைனர் பெயரில் கால் காணி நிலம் இருந்தாலும் நீதிமன்ற அனுமதியின்றித் தகப்பன் அதை விற்க இயலாது என்று 1956ஆம் வருஷத்துச் சட்டம் காவல் போட்டிருக்கிறது. பங்குக்கு அந்தக் காவல் இல்லை என்று வக்கீல் சொல்லக் கேட்ட அன்றைக்குத்தான், ஊரார் நிலத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது ஏன் என்பது அவருக்கு விளங்கிற்று. போதாக்குறைக்கு, மைனருக்கு வரும் டிவிடெண்டைப் பெற்றோரில் அதிக வருமானமுள்ளவர் கணக்கில் சேர்த்து வரி போடுகிறார்கள். ஆகையால் மகனுக்கும் மனத்தாங்கல்.

“பதினெட்டு ரூவா டிவிடெண்டுக்கு நான் வரி கட்டோணுங்களாப்பா?”

“ஈமுவுக்குக் கட்டுனீல்ல, இதுக்கும் கட்டு.”

கடைசியில் அவர் தேடிக்கொண்ட பரிகாரம் ஒன்றுதான். தாம் இருக்கிறவரையில் பயல் விற்கத் துணியமாட்டான். ஆகையால் பேரன் பதினெட்டு நிறைந்து, புதிதாக ஆவணங்கள் கொடுத்துக் கணக்கைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும் நாள் மட்டும் தாம் இருந்தே தீரவேண்டும். அறுபத்தாறு வயதில் இன்னும் பத்து வருஷம் என்பது அசாத்தியமில்லை. விடியற்காலை நடை ஆரம்பமாயிற்று. காப்பியில் சர்க்கரை நின்றது. எண்ணெய்ப் பண்டம் விலக்கப்பட்டது. இந்த நிலைமையில்தான் போன மாதம், மருமகள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று பெங்களூரிலிருந்து செய்தி வந்தது. வீடு முழுவதும் குதூகலப்பட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, நல்ல சேதி வந்திருக்குது, இன்னைக்காச்சும் ஒரு அதிரசம் தின்னுங்க” என்று அம்மாள் தட்டை நீட்டினாள்.

“எடுத்துட்டுப் போ. எம்பத்தஞ்சு வரைக்கும் இருக்கோணும்.”