கல்லுன்னா நேத்தா, நாளைக்கா?

ஏலே தம்பி, இங்கன வந்து உக்காரு. காதுல மாட்டியிருக்கத மொதல்ல கழட்டு.

அதென்ன மேசை பூரா பேனா? மஞ்சளு, பச்சை, ரோஸு... வேதப் புஸ்தகத்துக்கு ஹோலி கொண்டாடுதியா? டெல்லிக்கு வந்து ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள இந்தப் பழக்கமா?

சனிக்கெழம சனிக்கெழம ஏதோ வகுப்புக்குப் போறியாமே. வேதத்துக்கு எப்படி அர்த்தம் பண்ணணும்னு சொல்லித் தாராவளாம். அதுக்குப் பேரு ஹெர்மெனியூட்டிக்ஸாம். நானும் ஒருவாட்டி சொல்லிப் பாத்தேன். பல்செட்டு கழண்டு கையில வந்துட்டு. முடிச்சா சர்ட்டிபிகேட்டு வேற உண்டாம். எதுக்குலே அது? பரலோக வாசல்ல பேதுரு செராக்ஸு கேப்பாரோ?

கோவிச்சுக்காத. நெசமாப் படிக்கவிய இந்த ஊர்லயே இருக்காவ. சிவில் லைன்ஸ் பக்கம் ராஜ் நிவாஸ் ரோட்டுல வித்யாஜோதின்னு ஒரு இறையியல் கல்லூரி. இயேசு சபைச் சாமிமாரு நடத்துதாவ. குர்சியாங் மலையில இருந்தது, 1972ல டெல்லிக்கு எறங்கி வந்துச்சு. அந்த மாதிரி எடத்துல வருசக்கணக்கா உக்காந்து எழுத்தெழுத்தாத் தேய்ப்பாவ. நீ மூணு சனிக்கெழமை போயிட்டு, சாப்பாட்டு மேசையில "தாத்தா, கிரேக்கத்துல இதுக்கு வேற அர்த்தம்"ங்க. ரசத்தை ஊத்துலே மொதல்ல.

நான் படிச்ச வகுப்பு வேற. ஐ.என்.ஏ. மார்க்கெட்டு. டெல்லி வந்த புதுசு, சீலா மீன் வாங்கப் போனேன். கையைக் காட்டிக் கேட்டேன். கடைக்காரன் "கல்"லுன்னு ஆரம்பிச்சான். மீனு கேட்டா கல்லுங்கானே, அடிக்கப் போறானோன்னு திரும்பிப் பாக்காம வந்துட்டேன். வீட்டுல உங்கப்பன் விழுந்து விழுந்து சிரிக்கான். இந்தியில கல்லுன்னா நேத்தாம். கல்லுன்னா நாளைக்குமாம்! ஒரே சொல்லு. "கல் ஆயா தா"ன்னா நேத்து வந்துச்சு. "கல் ஆயேகா"ன்னா நாளைக்கு வரும். வால் வரைக்கும் காது குடுக்கணும் பாத்துக்க. தலையை மட்டும் கேட்டுட்டு ஓடுனா, நேத்துத் தீந்துபோன மீனுக்கு நாளைக்குப் பையத் தூக்கிட்டு நிப்ப.

நீயும் அப்படித்தான நிக்க? போன்ல ஸ்டேட்டஸ் போட்டிருக்கியே, எரேமியா 29:11. ஒனக்குன்னு ஆண்டவரு நல்ல நெனப்பு வச்சிருக்காரு, நல்ல முடிவு தருவாருன்னு. ராஜேந்திர நகர்ல ஐ.ஏ.எஸ். கோச்சிங் போற கூட்டாளிமாருக்கும் அனுப்பிட்ட. நல்ல வசனந்தான். ஒரு படி மேல ஏறிப் பாத்தியா? பத்தாம் வசனம் என்ன சொல்லுது? எழுபது வருசம் கழிச்சுங்குது. ஒனக்கு இப்ப 24. அப்ப 94. கலெக்டர் வேலை கெடைச்சாலும் ஜீப்புல ஏற ஆள் புடிக்கணும்.

அது ஒரு கடுதாசிலே. எருசலேம்ல இருந்து பாபிலோனுக்கு எழுதுனது. நேபுகாத்நேச்சார் ராசா சனங்களை வாரிக்கிட்டுப் போய் அங்க கொண்டு வச்சிட்டான். ஊரு திரும்பணும்னு அதுக தவிக்குது. அனனியான்னு ஒருத்தன், ரெண்டே வருசம், எல்லாம் சரியாயிரும்னு கைதட்டு வாங்கிட்டான். அது முந்தின அதிகாரத்துலயே இருக்கு. எரேமியா வந்து, அதெல்லாம் நடக்காது, அங்கயே வீட்டைக் கட்டு, தோட்டம் போடு, புள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணு, அந்த ஊரு நல்லா இருக்கணும்னு ஜெபம் பண்ணுன்னு எழுதுதாரு. இதை எல்லாம் சொன்ன பொறவுதான் ஒன் ஸ்டேட்டஸ் வசனம் வருது. ஆர்.கே. புரத்துல பால்கனித் தொட்டியில கறிவேப்பிலை வச்சு, தை மாசக் குளிர்ல அதைச் சாக விடாம போர்த்திப் போர்த்தி வளக்காளே ஒங்கம்மா, அவளுக்குப் புரியும் அந்தக் கடுதாசி. ஒன் பரீச்சைக்கு எழுதுனதில்ல.

இந்த வசன நம்பரே பின்னால வந்ததுதான். ராபர்ட் எஸ்தியேன்னு ஒரு பிரெஞ்சு அச்சுக்காரர், 1551ல புதிய ஏற்பாட்டை நறுக்கி நம்பர் போட்டாரு. குதிரை மேல போகையில பிரிச்சதுதான், குலுங்குன எடத்துலெல்லாம் வெட்டு விழுந்துட்டுன்னு ஒரு கேலி உண்டு. எரேமியா நம்பர் போட்டா கடுதாசி எழுதுனாரு?

ஒட்டகத்துக்கு வருவோம். பணக்காரனையும் ஊசிக் காதையும் ஒட்டகத்தையும் சேத்து இயேசு ஒண்ணு சொன்னாரே. வகுப்புல ஒனக்கு என்ன சொன்னாவ? எருசலேம்ல ஊசிக்கண்ணுன்னு ஒரு குட்டை வாசல் இருந்துச்சு, மூட்டையை எறக்கி மண்டி போட்டா ஒட்டகம் போயிரும்னு. அப்படி ஒரு வாசல் அந்தக் காலத்துல இருந்ததுக்குத் தடயமே கெடையாது. ரொம்பக் காலங் கழிச்சு யாரோ கட்டுன வாசல், வாயாலயே கட்டுனது. இன்னொரு கூட்டம், அது ஒட்டகமே இல்ல, வடக்கயிறும்பாவ. கிரேக்கத்துல கமேலோஸ் ஒட்டகமாம், கமிலோஸ் கயிறாம். சரிலே, கயிறுன்னே வச்சுக்க. ஒங்க பாட்டி நூலை எச்சித் தொட்டு பத்து மட்டம் குத்துவா, ஊசியில ஏறாது. திருச்செந்தூர் தேர் வடம் ஏறுமா?

அடுத்த வரியைப் படி. அப்ப யாருதான் தப்பிப்பான்னு சீஷருங்க ஆடிப் போறாவ. குட்டை வாசலுக்கு எவனாவது ஆடிப் போவானா? குனிஞ்சிட்டுப் போயிருப்பானே! முன் பெஞ்சுல பெரிய காணிக்கைக்காரர் உக்காந்திருந்தா ஊசிக் காது தன்னால அகலும் போல.

இயேசு தச்சு வேலை பாத்த மனுசன். தன் கண்ணுல உத்திரம் கெடக்க, அடுத்தவன் கண்ணுத் துரும்பை எடுக்கப் போறவனைப் பத்திச் சொன்னாரே, அது என்ன? நையாண்டி இல்லாம? சிரிக்க வேண்டிய எடத்துல நீ பச்சைப் பேனாவால கோடு போட்டு வச்சிருக்க.

கிரேக்கம் படிக்கணும்னா படி, வேண்டாங்கல. அதுக்கு முன்னால தமிழைப் பாரு. சீகன்பால்கு பாதிரியாரு 1706ல தரங்கம்பாடியில வந்து எறங்குனப்ப ஏறக்குறைய ஒன் வயசுதான். சின்னப் புள்ளைகளோட உக்காந்து மணல்ல விரல் வச்சு ஆனா ஆவன்னா எழுதுனாரு. 1715ல புதிய ஏற்பாடு அச்சாகி நிக்குது. பொறவு யாழ்ப்பாணத்துல பெர்சிவல் துரைக்கு ஆறுமுக நாவலர் கூட இருந்து வேதத்தை மொழிபெயர்த்தாரு. திருநீறு பூசுன கையும் அந்த வேலையில உண்டுடே.

ஃபாப்ரிசியஸ் ஐயர் காலத்துல பராபரன். 1871ல போவர் ஐயர் கூட்டத்தார் வேதாகமத்துல தேவன். 1995ல வந்த திருவிவிலியத்துல கடவுள். ஒருத்தருக்கே பேரு எத்தனை மட்டம் மாறியிருக்கு பாரு. நீ அந்தப் பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வையி. எங்க ரெண்டும் சண்டை போடுதோ, அங்கதான் முடிச்சு. அங்க வச்சு ஒன் கிரேக்கத்தைத் தொற. மத்த எடத்துல எதுக்குலே பூட்டாத கதவுக்குச் சாவி?

எந்திரி, பேனாவை மூடு. சீலா மீன் வந்துச்சான்னு போன்ல கேட்டேன். கல்லுங்கான், அதுக்குள்ள லைன் போயிட்டு. எந்தக் கல்லுன்னு நீ கேட்டுச் சொல்லு.